இரவல் போன பக்கெட்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு பொருளை இரவல் கொடுப்பதைப் போன்ற வம்பு உலகத்தில் வேறு கிடையாது. திருப்பித் தராமல் போய்விடுவார் என்று நினைக்காதீர்கள். தந்துவிடுவார். அதுதான் வம்பே.

ஓர் ஐப்பசியில் நன்னிலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கிளம்பும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் குடையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறார். நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. குடை நன்றாகக் காய்ந்திருந்தது. ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்த கம்பியை மெல்லிய செப்புக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். வாங்கின பொருளை வெறுமனே திருப்பக் கூடாதாம், குடைக்குள் ஏழெட்டு முருங்கைக்காய்.

"ஏன் அத்தான், அடுத்த வாரம் குடுத்தா குடை என்ன ஓடியா போயிடும்?" என்றேன்.

"இன்னிக்கு உனக்கு மழை வந்தா?" என்றார்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார் மனுஷர், ஓர் ஓட்டைக் குடைக்காக.

அத்தான் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் பேரைச் சொல்லி எழுதக் கை வரவில்லை. இப்படியே இருக்கட்டும். இந்த ஒரு குணத்தால்தான் அவருக்கு இருந்த நல்ல வேலை போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் என்மேல் கோபித்துக்கொள்வீர்கள்.

நான் தையல்கடை வைத்திருக்கிறேன். ஜன்னல் அளக்க என்னிடம் டேப் வாங்கிப் போனால், ஒன்றாம் நம்பர் வெளியே தெரியும்படி சுருட்டித்தான் கொண்டுவந்து வைப்பார். நான் அப்படித்தான் கொடுத்தேனாம். பேப்பர் வாங்கிப் படித்தால் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பார். பஸ்ஸில் நடந்த கூத்து ஒன்று உண்டு. கும்பகோணத்தில் ஒருவர், "உக்காருங்க சார், நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன்" என்று இடம் கொடுத்தார். அடுத்த ஸ்டாப் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று, அந்த ஆள் இறங்கவில்லை. இவர் எழுந்துவிட்டார். "உங்க எடம், நீங்க உக்காருங்க." "பரவாயில்ல சார், நீங்க உக்காருங்க." இப்படி இரண்டு பேரும் உபசாரம் பண்ணிக்கொண்டிருக்கையில் மூட்டையோடு ஏறிய ஓர் அம்மாள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். நன்னிலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். வந்ததும் வராததுமாக, "அந்தாளுக்கு எடத்தைத் திருப்பிக் குடுக்க முடியாம போச்சும்மா" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று அக்காவைக் கேட்டேன். "எல்லாம் அந்த நடு வயலால வந்தது" என்றாள்.

அவர்களுக்கு இருந்தது மொத்தம் ஒன்றரை மா நிலம். அவருடைய அப்பா மற்றவர் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்புமாக இருந்து, வயசான காலத்தில் வாங்கியது. அதற்கென்று தனி வாய்க்கால் கிடையாது. மேல வயலில் நிரம்பிய தண்ணீர் மடை வழியாக இவர்கள் வயலுக்கு வரும். இவர்கள் வயலில் நிரம்பினால் கீழ வயலுக்குப் போகும். யூரியா போட்டாலும் பூச்சிமருந்து அடித்தாலும் மூன்று நாளைக்குக் கீழ மடையை அத்தான் அடைத்துவிடுவார். ஊரில் எல்லாரும் அடைப்பதுதான், இரண்டாம் நாளே மறந்தாற்போலத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. இவர் மூன்றாம் நாள் முடிந்தபிறகும் கீழ வயல்காரர் வீட்டு வாசலில் போய் நின்று, "திறக்கப் போறேங்க, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்துதான் மண்வெட்டியைத் தொடுவார். "தண்ணி நம்மளுது இல்ல பாரு. மேலேருந்து வாங்கறோம், கீழ குடுக்கறோம். நடுவுல நம்ம வேலைக்கு வெச்சுக்கறோம், அவ்வளவுதான்" என்பார். டிப்ளமா படித்து வெளியூர் வேலைக்குப் போனபிறகும் பேச்சு மாறவில்லை.

வேலை வடக்கே கடலோரத்தில், ஓர் அணுமின் நிலையத்தில். பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். நிலையத்தின் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஒருவரிடம். மாதம் ஒரு முறை வருவார். அந்த வேலை கிடைத்த புதிதில் எங்கள் சொந்தக்காரர்கள் பண்ணிய அமர்க்களத்தைச் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார ஒருத்தர் யோசித்தார். தீபாவளிக்கு அவர் எடுத்து வந்த புடவையைத் துவைக்காமல் கட்டலாமா என்று என் மாமியார் கேட்டார். எதிர் வீட்டுக்காரர் ரொம்பச் சீரியஸாக, "சார், செல்லை உங்க பாக்கெட்டுல வெச்சுக்கிட்டா தானா சார்ஜ் ஏறிடுமா?" என்றார். அத்தான் அவருக்கும் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"நான் இருக்கறது கடல் தண்ணி பக்கம்ங்க. அணு இருக்கற எடத்துக்கு அந்தத் தண்ணி போறதே இல்ல. குழாய்க்கு உள்ள கடல் தண்ணி ஓடும், வெளியில நீராவி இருக்கும். ரெண்டும் தொட்டுக்காது. நீராவி குளிர்ந்துக்கும், தண்ணி சூடாயிக்கும். சூடு மட்டும்தான் கை மாறுது."

"அப்பறம் அந்தத் தண்ணி?"

"திரும்பக் கடலுக்கே போயிடும்."

"அணு கலக்காம?"

"அணு கலக்காம. சூட்டோட."

"ப்பூ, சூடுதானே! போயிட்டுப் போகுது" என்று எதிர் வீட்டுக்காரர் நிம்மதியாக எழுந்து போனார். அத்தான் மட்டும் கொஞ்ச நேரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்த மாதிரியே குடுக்கல பாரு" என்றார் என்னிடம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது குடைக்கதைதானே என்று விட்டுவிட்டேன்.

அவருடைய வேலை சல்லடை. கடலிலிருந்து இழுக்கிற தண்ணீரோடு பாசி, பிளாஸ்டிக் பை, சொறிமீன், நண்டு என்று என்னென்னவோ சேர்ந்து வந்துவிடும். இரும்புச் சல்லடை ஒன்று சுற்றிக்கொண்டே இருந்து அதையெல்லாம் தடுத்து ஒரு கூடையில் தள்ளும். கூடை நிரம்பினால் குழியில் கொட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் கூடையில் விழுகிறதில் ஒரு பங்கு உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும் அல்லவா? அதைக் குழியில் கொட்ட இவருக்குக் கை வரவில்லை.

அப்போதுதான் நாங்கள் வீடு கட்டி முடித்திருந்தோம். காலியான பெயிண்ட் பக்கெட் ஒன்று, வெள்ளை நிறம், மூடியோடு, இருபது லிட்டர் பிடிக்கும். தண்ணீர் பிடித்து வைக்கக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். வேலைக்குத் திரும்பக் கிளம்பியவர் அதைப் பார்த்துவிட்டார்.

"இதைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துக்கட்டுமா? உயிரோட இருக்கற மீனை அள்ளிக் கடல்ல விடணும். திருப்பித் தந்துடறேன்."

"ஐயோ அத்தான், பெயிண்ட் டப்பாவையெல்லாம் திருப்பித் தருவாங்களா? வெச்சுக்கோங்க."

"தந்துடறேன்" என்றார் மறுபடியும்.

அதிலிருந்து அவருக்கு ஒரு தனிக் களை வந்துவிட்டது. வார லீவில் போன் பண்ணினால் அக்காவிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவாரோ இல்லையோ, மீனைப் பற்றிப் பேசுவார். "நேத்து ரெண்டு பக்கெட்டு. ஒரு பேத்தை மீன் பந்து மாதிரி உப்பிக்கிட்டு எறங்கவே மாட்டேன்னுடுச்சு." அக்கா போனைப் பொத்திக்கொண்டு என்னிடம், "புள்ளைங்க பாஸ் பண்ணிச்சான்னு கேக்கல, மீன் போய்ச் சேந்துச்சுன்னு சொல்றாரு" என்பாள். நான்கு வருடம் இப்படிப் போயிற்று. ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்ததும், "உன் பக்கெட்டு பத்திரமா இருக்கு" என்பார். நானும் விடாமல், "வட்டியோட வரணும்" என்பேன்.

பிறகு ஒரு மாசியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று அக்கா ஊரில் சொல்லிவைத்தாள். என்னிடம் மட்டும் எரிச்சலோடு, "ஊரான் குடையைத் திருப்பிக் குடுக்கற மாதிரி வேலையையும் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டாரு" என்றாள். பெரியவளை நர்சிங்கில் சேர்த்த வருடம் அது. அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவே மாட்டேன்.

என்ன நடந்தது என்பதைத் தரங்கம்பாடியில்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பங்குனியில் எல்லாரும் சேர்ந்து போயிருந்தோம். கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது என் பெண் குட்டி நண்டுகள் நாலைந்து பிடித்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "விட்டுட்டு வா" என்றேன். அத்தான் எழுந்து டப்பாவை வாங்கினார். அலையில் இறங்கினவர் உடனே கொட்டவில்லை. குனிந்து, தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"என்ன அத்தான், குளிக்கப் போறீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டுக்கொண்டே கிட்டே போனேன். மனுஷர் அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நண்டுகளை விட்டுவிட்டு வந்து ஈர மணலில் உட்கார்ந்து சொன்னார்.

அங்கே அவர் குடியிருந்தது ஒரு மீனவர் வீட்டில். அந்த வீட்டுக்காரப் பெரியவருக்குக் கொஞ்ச நாளாக மனக்குறை. கரையோரத்தில் கிடைத்த காரப்பொடி மீன் விலகிப்போய்விட்டது, சின்னப் படகை வைத்துக்கொண்டு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பார். நிலையத்திலிருந்து சூட்டுத் தண்ணீர் வாய்க்காலாக வந்து கடலில் விழுகிற இடத்தில் மீன் செத்து மிதக்கிறது, அதை மனுவாக எழுதிக் கொடு என்று அத்தானிடம் வந்தார். இவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெரியவர் சொல்லச் சொல்ல இவர் எழுதினார்.

"தெனமும் காலையில எட்டு, எட்டரைக்குச் செத்து மிதக்குதுன்னு எழுதுங்க தம்பி."

"எட்டு, எட்டரைக்கா?"

"அந்த நேரம்தான். ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல. அன்னிக்கு ஒண்ணும் மிதக்கறதில்ல."

அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. தினமும் ஏழரை, எட்டுக்குத்தான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவார். கடல் முகத்துக்குப் போக வேலியைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது, கடலுக்குத்தான் போகிறது. மேலே பாலம். பாலத்திலிருந்து கொட்டிவிடுவார்.

"வாய்க்கால்னா மீனு போய்ச் சேந்துடும்னு நெனைச்சேன்மா. நம்ம ஊர்ல வடிவாய்க்கால்ல விட்டா எங்க போவும்? ஆத்துக்குப் போவும், கடலுக்குப் போவும். அதே நெனப்பு. தண்ணி சூடுன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் பக்கெட்டுக்கு அது தோணல. ஒரே ஒரு தடவை கையை வெச்சுப் பாத்திருந்தா..."

மறுநாள் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து தண்ணீர் மொண்டு பார்த்திருக்கிறார். குளிக்கிற வெந்நீர்ச் சூடு. பாசி பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்தின் நெடி வேறு. கூடையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்த ஒரு காரப்பொடியை எடுத்து அதில் விட்டார். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாய்ந்துவிட்டதாம். என் வெள்ளைப் பக்கெட்டுக்குள்தான்.

"நாலு வருஷம்மா. தெனம் ரெண்டு பக்கெட்டு" என்றார். "தெரிஞ்சா செஞ்சீங்க அத்தான்" என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

போய்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டார், அந்த மீன் நான் கொட்டியது என்று. பெரியவர் உள்ளே போய் மனுவை எடுத்து வந்தார். பிறகு, "அப்ப மனுவைக் கிழிச்சிடவா தம்பி?" என்று கேட்டார்.

"கிழிக்காதீங்க. என்னையும் சேத்து எழுதிடறேன்" என்றிருக்கிறார் இவர். அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார். இப்படியும் ஒரு ஆள்!

கான்ட்ராக்டருடைய மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டு போனால், நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "நல்ல காரியம் பண்ணினீங்க. வாய்க்கால்ல மீன் செத்தது நான் பக்கெட்டுல கொட்டினதாலன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. விஷயம் அதோட முடிஞ்சுது. உங்க வேலைக்கும் ஒண்ணும் வராது."

அத்தான் எழுதினார். மீன்களைக் கொட்டியது நான்தான் என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: 'பக்கெட்டில் இருந்தவரை மீன்கள் உயிரோடுதான் இருந்தன.'

மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, "கடைசி வரி வேணாமே, அடிச்சிடுங்க" என்றார்.

"அடிச்சா பாதிதானே சார் இருக்கும்?"

"பாதி போதும் சார்."

"வாங்கினதுல பாதியைத் திருப்பிக் குடுத்தா யார் சார் ஒத்துக்குவா?" என்று கேட்டாராம். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார். வரியை அவர் அடிக்கவில்லை. அடுத்த மாதம் ஆள் பட்டியலில் அவர் பேர் இல்லை. மனுவின் பேரில் யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார்களாம், அதன் முடிவு என்ன என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமே, வெதுவெதுப்புக்கு மடவை மீன் வாய்க்கால் முகத்தில் கூடுகிறது, அதற்கு வலை வீசுகிறவர்களும் உண்டு என்பதையும் அன்றைக்கு அவரேதான் சொன்னார்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வருத்தப்பட்டது எதற்குத் தெரியுமா? "உன் பக்கெட்டை எடுத்துட்டு வர முடியலம்மா. கேட்டுல பாஸ் இல்லாம ஒரு பொருளும் வெளிய விடமாட்டான்" என்றார்.

அப்புறம் நடு வயலும், வலங்கைமானில் ஒரு மோட்டார் ரிப்பேர்க் கடையில் வேலையுமாக ஓட்டினார். அக்காவின் கோபம் ஒரு போகம் நீடித்தது, பிறகு அவளுக்கே அலுத்துவிட்டது. பக்கெட் விஷயம் மட்டும் அவருக்கு அலுக்கவே இல்லை. ஒரு பொங்கலுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார், நீலநிறம், உள்ளே இரண்டு படி அரிசி. நான் அரிசியை எடுத்துக்கொண்டு பக்கெட்டைத் திருப்பிவிட்டேன். "எனக்கு என் பக்கெட்டுதான் வேணும்" என்று வீம்பு பண்ணினேன். அவரைச் சீண்டுவதில் எனக்கு அப்படி ஓர் ஆனந்தம். அவர் முகம் விழுந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் கடைக்கு வந்தார். மூச்சு வாங்கியது. ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவளை, "மெஷினை நிறுத்தும்மா" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். அந்தப் பக்கம், அவரோடு சல்லடையில் வேலை பார்த்தவர்.

"அக்கா, வணக்கம்க்கா. உங்க பக்கெட்டு எங்கிட்டதான் இருக்கு. அண்ணன் விட்டுட்டுப் போனதுலேருந்து நான்தான் மீனை அள்ளிட்டுப் போறேன். வாய்க்கால்ல இல்லக்கா, வேலியைச் சுத்தித் தெக்கால கடல்ல. கையை வெச்சுப் பாத்துட்டுத்தான் விடறேன். அண்ணன் சொல்லிட்டுப் போனாரு."

போன் வைத்தபிறகு அத்தான் கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார். "நீ கேட்டா பாஸ் வாங்கி அனுப்பிடறேங்கறான். அனுப்பச் சொல்லட்டுமா?"

இத்தனை வருடமாக என் பக்கெட், என் பக்கெட் என்று உயிரை வாங்கியவள் நான். "வேணாம் அத்தான். அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"அப்ப அது இரவல் இல்லையே? குடுத்ததுதானே?"

"குடுத்ததுதான் அத்தான்."

"சரியாச் சொல்லு."

"குடுத்ததுதான், குடுத்ததுதான், போதுமா?" என்று கத்தினேன். துணி வாங்க வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு டீ குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவ்வளவு சாவகாசமாக அவர் எங்கள் கடையில் உட்கார்ந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த தை அறுப்பு முடிந்த கையோடு, மோட்டார் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எதையும் யாருக்கும் பாக்கி வைக்காமல் போனார். பக்கத்து வீட்டில் வாங்கிய ஏணியைக்கூட முதல் நாள் சாயந்திரமே அவர்கள் சுவரில் சாத்திவிட்டு வந்திருந்தார்.

போன மாதம் அக்கா வீட்டில் இருந்தபோது அவருடைய போன் அடித்தது. அதை அவள் இன்னும் அணைக்காமல் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறாள். அக்கா கொல்லையில் இருந்தாள், நான் எடுத்தேன். அதே சல்லடைக்காரர். அவருக்கு விஷயம் தெரியாது. என் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"பக்கெட்டுக்கார அக்காவா? அண்ணன் இல்லீங்களாக்கா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"பரவாயில்லக்கா, வந்தா சொல்லிடுங்க. பக்கெட்டோட கைப்பிடி ஒடிஞ்சுடுச்சு, நான் கயிறு கட்டிட்டேன். அண்ணன் அதைப்பத்தித்தான் கேப்பாரு. இன்னிக்கு ஒரு பக்கெட்டுதான்க்கா. காரப்பொடி, நாலு நண்டு, ஒரு பேத்தை. எல்லாம் உயிரோட போயிடுச்சுன்னு சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க" என்றேன்.